கியர்பாக்ஸ் விகிதமும் புரொப்பெல்லரும்

என் பாய்மரப் படகின் பழைய கியர்பாக்ஸில், முன்னோக்கிச் செல்லும்போது கிளட்ச் வழுக்கத் தொடங்கியதால், சென்ற மாதம் அதை மாற்ற நேர்ந்தது. பழையதன் விகிதம் 2.6:1 (எஞ்சின் 2.6 முறை சுற்றினால் புரொப்பெல்லர் தண்டு ஒரு முறை சுற்றும்), கடையில் உடனே கிடைத்ததோ 2.2:1. வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நிமிடத்திற்கு 3600 சுற்று ஓடும் டீசல் எஞ்சினில் தண்டின் வேகம் ஏறத்தாழ 1385 சுற்றிலிருந்து 1636 ஆக உயர்கிறது. புரொப்பெல்லர் கேட்கும் திறன் சுழற்சி வேகத்தின் மும்மடியை ஒட்டிக் கூடுவதால், அதே புரொப்பெல்லரை முழு வேகத்தில் சுழற்றச் சுமார் 65 சதவீதம் கூடுதல் திறன் தேவைப்படும். அது இல்லாத எஞ்சின் முழுச் சுற்றை எட்டாமல், கரும்புகை கக்கி, சூடேறிக்கொண்டே உழைக்கும்.

புரொப்பெல்லரின் பிட்ச்சை, அதாவது இறக்கைகளின் சாய்வை, குறைத்துச் சரிசெய்யலாம் என்றார் மெக்கானிக், அது தவறில்லை. ஆயினும் கனமான படகுக்குப் பெரிய புரொப்பெல்லர் மெதுவாகச் சுழல்வதே நல்லது என்று நம்புகிறவன் நான். எனவே பழைய விகிதத்திலேயே ஒன்று வரும்வரை காத்திருந்தேன். தண்டு சுழலும் திசை மாறாது என்பதையும் வாங்குமுன் உறுதிசெய்துகொண்டேன்.

கியர்பாக்ஸையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் இடைவெளியை மட்டும் படகு நீரில் மிதந்த பின்னரே அளந்தோம். கரையில் தாங்குகட்டைகள்மீது நிற்கும்போது உடற்பகுதி சற்றே வளைந்திருக்கும்.