இரண்டும் 260 தான், ஆனால் ஒன்றல்ல

ஏழு மாதமாக வட்டவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போதெல்லாம் கறுப்புப் புகை கக்கிய என் பிஎஸ்ஏ பி31 மோட்டார் சைக்கிள், போன ஞாயிற்றுக்கிழமை ஒரு இருமல்கூட இல்லாமல் ஏறிவிட்டது. ரொசல்லயைத் தாண்டியும் மூன்றாம் கியரிலேயே இழுத்தது. வீட்டு வாசலில் நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நல்ல பால் தேத்தண்ணி நிறம், பெற்றோல் கூடாமல் குறையாமல் எரிகிறது என்று அர்த்தம். இந்த நிறத்தைப் பார்க்கத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன், அதனால் எழுதிவிடுகிறேன்.

வண்டி 1956 மாடல், 348 சிசி, அமால் கம்பனியின் மோனோபிளாக் 376 காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது). தோட்டத்துச் சின்னத்துரை ஒருவர் ஓட்டியது. அப்புறம் ஒரு கிளாக்கர் கைக்கு மாறி, கடைசியில் பழைய ஸ்டோரில் சாக்குக் குவியலுக்கு அடியில் கிடந்தது. எஞ்சின் வேலை போன வருடமே முடிந்துவிட்டது. மீதி எல்லாத் தொல்லையும் காபரேட்டரில்தான்.

முதல் சந்தேகம் பிளேஞ்ச் மேல், அதாவது காபரேட்டர் எஞ்சினோடு சேரும் தட்டை முகத்தின் மேல். மோனோபிளாக்கை நன்றாக இறுக்கினால் காற்று ஒழுகாது என்று நினைத்து முன்னால் யாரோ இரண்டு நட்டையும் முறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். அது நாகக் கலப்பு வார்ப்பு, கொஞ்சம் கூடுதலாக இறுக்கினாலே இரண்டு காதும் எஞ்சின் பக்கம் வளைந்துவிடும். எஃகு அளவுகோலை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் இடைவெளி தெரிந்தது. தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 400 எமரி கடதாசியை ஒட்டி, தண்ணீர் விட்டு, எட்டுப் போடுவதுபோல் மெதுவாகத் தேய்த்தேன். முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறத்துக்கு வர ஒரு மாலை ஆனது. ஒன்றைக் கவனிக்க வேண்டும், தேய்க்கத் தேய்க்க ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தின் ஆழமும் குறையும். அதனால் அளவோடு நிறுத்தினேன். அதற்குப் பிறகு ஐட்லிங் சீரானது. ஏற்றத்தில் புகை மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்து நீடில் ஜெட், நடுவே ஒரு ஊசி ஏறி இறங்கிப் பெற்றோலை அளந்துவிடும் சின்னத் துளை. இதற்குத்தான் எங்கள் தோட்டத்து பெக்டரி பிட்டர் அண்ணனைத் தேடிப் போனேன். பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மலையகம் ஒரு கொடுத்துவைத்த இடம் என்பேன். சிரோக்கோ டிரையரும் பழைய ரோலரும் ஓடிய பெக்டரிகளில் பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனர் இன்னும் எண்ணெய் பூசித் தொங்குகிறது. கொழும்பில் அந்த ஸ்பேனரைக் கேட்டால் மில்லிமீட்டர் செட்டைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

அண்ணன் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நம்பர் டிரில் வரிசை. "தம்பி, உன் ஜெட் எத்தனை தவு?" என்று கேட்டார். ஆயிரத்தில் ஒரு அங்குலத்தைத்தான் அவர் தவு என்கிறார். .1065 என்றேன். யோசிக்கவே இல்லை, 36-ஆம் நம்பர் டிரில்லை எடுத்துக் கையில் வைத்தார். அந்த நம்பரின் விட்டம் சரியாக .1065 அங்குலம். டிரில்லின் வழுவழுப்பான பின்பக்கத்தை ஜெட்டுக்குள் விட்டுப் பார்த்தேன். புதிய ஜெட் என்றால் மெல்ல உரசிக்கொண்டு இறங்க வேண்டும். என்னுடையதில் லொட லொடவென்று ஆடியது. அறுபது வருடம் நீடில் உரசி உரசித் துளை நீள்வட்டமாகிவிட்டது. புதியது போட்டதும் பாதி த்ரோட்டில் நன்றாகத் தெளிந்தது. முக்கால் த்ரோட்டிலில், அதாவது ஏற்றத்தில், பழைய புகையேதான்.

முக்காலுக்கு மேல் என்றால் பெற்றோலை அளந்துவிடுவது மெயின் ஜெட் என்ற இன்னொரு துளையின் வேலை. ஆனால் மெயின் ஜெட் புதிது, அதுவும் 260. முதலிலேயே கொழும்பில் ஒரு கடையில் வாங்கிப் போட்டிருந்தேன். எண் தெளிவாக அடித்திருந்தது, பித்தளையும் பளபளவென்று இருந்தது. அதனால் ஏழு மாதம் அதைத் தொடவே இல்லை. சைலன்சரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், ஏர் பில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன், ஸ்லைடைக்கூட ஒரு முறை மாற்றினேன்.

வழி பிறந்தது லண்டனில் இருந்து வந்த ஒரு உறையால். தங்கச்சி புருஷன் விடுமுறைக்கு வரும்போது 240, 250, 260 என்று மூன்று அமால் ஜெட் கொண்டுவந்தார். அமால் பெயர் இப்போது இங்கிலாந்தில் சோல்ஸ்பரியில் இருக்கும் பர்லன் நிறுவனத்திடம் இருக்கிறது, இன்னும் புதிதாகச் செய்கிறார்கள். 1927-இல் அமாக், பிரவுன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் என்று மூன்று காபரேட்டர் கம்பனிகள் ஒன்றாகிப் பிறந்த பெயர் அது. வாங்குபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: மோனோபிளாக்கின் மெயின் ஜெட்டும் அதற்குப் பிறகு வந்த கான்சென்ட்ரிக்கின் மெயின் ஜெட்டும் ஒன்றுதான், பாக எண் 376/100. எந்தப் பெயரில் கிடைத்தாலும் எடுக்கலாம். நீடில் ஜெட்டில் மட்டும் அப்படிச் செய்யக் கூடாது, மோனோபிளாக்குக்கு 376/072 என்று கேட்டே வாங்க வேண்டும்.

புதிய 260-ஐயும் கடை 260-ஐயும் விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் அமால் ஜெட்டின் எண் துளையின் விட்டத்தைக் குறிப்பதில்லை, ஒரு நிமிடத்தில் எத்தனை சிசி போகும் என்ற கணக்கு அது. அப்படியானால் வடித்துப் பார்த்துவிடலாமே!

குசினி மேசை மேல் பெரிய வாளி நிறையத் தண்ணீர். அதிலிருந்து ஒரு பெற்றோல் டியூப். டியூபின் நுனியில் ஜெட் ஹோல்டர், அதில் ஜெட். நீர் மட்டத்திலிருந்து ஜெட் சரியாக இரண்டு அடி கீழே இருக்கும்படி கதிரையின் காலில் கட்டினேன். கீழே அளவுக் கோப்பை, 500 மில்லி கோடு வரைக்கும் போனில் நேரம். டியூபுக்குள் ஒரு காற்றுக் குமிழ் இருந்தாலும் கணக்குப் பிசகும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பைத் தண்ணீரை முதலில் வீணாக ஓடவிட்டுத்தான் எண்ணத் தொடங்கினேன். வாளியையும் திரும்பத் திரும்ப அதே கோட்டுக்கு நிரப்பினேன். நான் பெற்றோலில் செய்யவில்லை, யாரும் வீட்டுக்குள் செய்யவும் வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்கத் தண்ணீரே போதும்.

லண்டன் 260: 146 விநாடி, 147, மறுபடியும் 146.

கடை 260: 127, 126, 127.

மூன்றாவது முறை பார்த்தபிறகு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கிட்டத்தட்ட 15 சதவீதம் கூடுதலாக ஊற்றுகிறது. 260 என்று அடித்த அந்த ஜெட் உண்மையில் 300-க்குப் பக்கம். ஏழு மாதம் நான் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், புது எண்ணை மட்டும் நம்பினேன். அந்தக் கடைமேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. எண்ணை அடித்து விற்கிறவர் அந்த எண்ணுக்குப் பொறுப்பு எடுக்க வேண்டும்.

இதோடு எங்கள் உயரமும் சேர்கிறது. ஹட்டன் ஏறக்குறைய 4,170 அடி. இங்கே காற்று மெலிவு, அதனால் கொழும்பில் சரியாக எரியும் பெற்றோல் அளவு இங்கே கூடிப்போகிறது. அமாலின் பழைய டியூனிங் குறிப்பில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. 3,000 அடியிலிருந்து 6,000 அடிவரை மெயின் ஜெட்டை 5 சதவீதம் குறைக்க வேண்டும், அதற்கு மேலே ஒவ்வொரு 3,000 அடிக்கும் இன்னும் 4 சதவீதம். 260-இல் 5 சதவீதம் போனால் 247. கையில் இருந்த 250-ஐ வடித்துப் பார்த்தேன், 152 விநாடி. 240 ஆனது 158. மூன்றும் எண்ணுக்கு ஏற்றபடி வரிசையாக நின்றது அவ்வளவு நிம்மதியாக இருந்தது. 250-ஐப் போட்டேன். வட்டவளைவரை இறங்கினேன், திரும்பி ஏறினேன். மேலே சொன்ன ஞாயிறு அதுதான்.

இந்தியப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன எங்கள் பெரிய மாமாவின் குடும்பம் கோத்தகிரியில் இருக்கிறது. அவர் மகன் சென்னைக்குப் போனால் புதுப்பேட்டையில் எனக்காக ஒரு சுற்றுச் சுற்றுவான். பழைய புல்லட்டிலும் மோனோபிளாக் இருந்ததால் புளோட் நீடில், பைபர் வாஷர், பான்ஜோ பில்டர் எல்லாம் அங்கே அகப்படுகிறது. வாஷரும் பில்டரும் தாராளமாக வாங்கலாம். ஜெட் மட்டும் எங்கிருந்து வந்தாலும் இனி என் வாளிக்குக் கீழே நின்றுவிட்டுத்தான் வண்டிக்குள் போகும். ஹட்டன் பக்கம் யாரிடமாவது சந்தேகமான அமால் ஜெட் இருந்தால் கொண்டுவாருங்கள், வடித்துப் பார்த்துத் தருகிறேன்.

வேலை இன்னும் முடியவில்லை. ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தால் டிக்லர் (ஸ்டார்ட் பண்ணுமுன் புளோட்டை அமுக்கும் பொத்தான்) வழியாக பெற்றோல் கசிகிறது, இரவில் டேங்க் குழாயை மூடாவிட்டால் காலையில் தரையில் ஈரம். புளோட் நீடில் இருக்கையில் ஒரு கோடு விழுந்திருக்கிறது போல. இதற்கிடையில் மனம் மேக்டைனோ பக்கம் போய்விட்டது, தீப்பொறி தரும் மேக்னட்டோவும் டைனமோவும் சேர்ந்த பாகம் அது. சூடான பிறகு கிக் அடித்தால் பிளக்கில் தீப்பொறி மெலிந்துவிடுகிறது, உள்ளே கண்டென்சர் செத்திருக்க வேண்டும். அதைத் திறக்க ஒரு புல்லர் செய்துதரச் சொல்லிப் பிட்டர் அண்ணனிடம் அளவு கொடுத்துவிட்டேன்.

அதற்கு முன்னால் அடுத்த ஞாயிறு நுவரெலியா. தலவாக்கலை, நானுஓயா வழியாக ஏறினால் 6,000 அடி தாண்டும். 240 ஜெட்டைத் தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், மூடி நட்டுக்கான ஸ்பேனர் சீட்டுக்கு அடியில். நானுஓயாவுக்கு மேலே பிளக் கறுத்தால் ரோட்டோரமாகவே மாற்றிவிடுவேன்.