கொடி ஏறும் முன், ஏறிய பின்: மொரீஷியஸ் காவடிக் குறிப்புகள்

2025 ஜனவரி 18, சனி

காவடி பிப்ரவரி 11. கோவிலில் கொடி ஏறி விரதம் தொடங்கும் அன்றே மாமிசத்தோடு ரம்மையும் அடியோடு நிறுத்துவது இங்கே வழக்கம். வார இறுதியில் இரண்டு பியர் குடிப்பவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. காலையில் கை நடுங்கி, ஒரு மடக்கு ரம் உள்ளே போனால்தான் அடங்குகிறது என்பவருக்குத்தான் ஆபத்து. 70 சென்டிலிட்டர், 40 சதவீத ரம் ஒரு போத்தலில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 220 கிராம். சாதாரண ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் எரிக்கும்; குடித்துப் பழகிய ஈரல் இன்னும் வேகமாக எரிக்கும். அப்படியும், ராத்திரி ஒரு போத்தல் குடித்தவருக்கு விடியும்போது மிச்சம் இருக்கும்; அவர் உடம்பு ஆல்கஹால் இல்லாமல் இருந்து பழகவே இல்லை. இந்த நிலையில் உள்ளவர் இப்போதே டாக்டரைப் பார்த்து, அவர் மேற்பார்வையில் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயசிபாம், வைட்டமின் பி1 ஆன தயமின் இரண்டும் எடுத்துக்கொண்டு குடியை விடவேண்டும். முருகனுக்கு இதில் கோபம் வராது.

பிப்ரவரி 2, ஞாயிறு

கடைசி கிளாஸிலிருந்து மணியைக் கணக்கிடுங்கள். 6 முதல் 12 மணிக்குள் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு. 48 மணி தாண்டும்வரை வலிப்புக்கு வாய்ப்பு உண்டு. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, சாவி எதுவும் வைக்கவேண்டாம். தினமும் ஆல்கஹால் அமுக்கிய மூளை, அதற்கு ஈடாகக் கிளர்ச்சி ரசாயனங்களை ஏற்றி வைத்திருக்கிறது. அமுக்கியது திடீரென்று போனதும் அந்தக் கிளர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

மூன்றாம், நான்காம் நாள்தான் மோசம். காய்ச்சல், வேகமான நாடி, சுவரில் பூச்சி ஊர்வதுபோல் காட்சி, இடமும் கிழமையும் தெரியாமை. விரத வீட்டில் இதை "சாமி வந்திருக்கு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். வந்த அருள் சற்று நேரத்தில் மலையேறிவிடும். இது இரவெல்லாம் நீடித்து, கூடிக்கொண்டே போகும். விபூதி பூசுங்கள், கூடவே 114-க்கு அடித்து சாமு என்ற அவசர ஆம்புலன்ஸை வரவழையுங்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம். குழம்பிக் கிடப்பவர் வாயில் ரம் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

பிப்ரவரி 5, புதன்

குடிப்பவர் உடம்பில் தயமின் ஏற்கெனவே குறைவு. அதன்மேல் பழம், சர்க்கரை, வெள்ளைச் சோறு என்று விரதம் இருந்தால் மீதியும் செலவாகும். கண்விழி ஆட்டம், நடையில் தள்ளாட்டம், மனக்குழப்பம், இவை தயமின் தீர்ந்ததன் அடையாளம்: மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம், ஒன்று தெரிந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் முன்போ அதனுடனோ தயமினை ரத்தக் குழாய் வழியே கொடுப்பார்கள். குடியால் கெட்ட குடல் மாத்திரையைச் சரியாக உறிஞ்சாது. தவறவிட்டால் புதிய நினைவு எதுவும் பதியாத நிலை வரும். அந்த ஓட்டையை மூளை கற்பனையால் நிரப்பும். வீட்டார் அதைப் பொய் என்று திட்டுவார்கள்.

பிப்ரவரி 8, சனி

அலகு குத்துபவர்களுக்கு. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் பெரும்பாலானவை ஈரலில்தான் உருவாகின்றன. ஈரல் சுருங்கினால் அவை குறையும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறையும். பல் துலக்கும்போது ரத்தம், காரணமில்லாத நீலக் கன்றல், கண்ணில் மஞ்சள், வயிற்றில் நீர் இருந்தால் இந்த வருடம் பால்குடம் போதும்.

பிப்ரவரி 12, புதன்

வாழையிலையில் ஏழு கறி சாப்பிட்டாயிற்று. அன்று மாலையே பழைய அளவில் குடிப்பது தப்பு. பத்து நாளில் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். தூக்கமின்மை, எரிச்சல், மனச்சோர்வு இன்னும் சில வாரம் இருக்கும். பெரும்பாலோருக்கு மூன்று, நான்கு வாரத்தில் சோர்வு தானே தெளியும். தெளியாவிட்டால் அதற்குத் தனிச் சிகிச்சை தேவை. விட்டு விட்டுத் திரும்பக் குடிப்பவருக்கு ஒவ்வொரு நிறுத்தமும் முந்தியதைவிடக் கடுமையாகலாம். சென்ற காவடிக்கு வெறும் நடுக்கம், இந்தக் காவடிக்கு வலிப்பு. அடுத்தது புரட்டாசி கோவிந்தன் விரதம். டாக்டரிடம் ஆகஸ்டிலேயே போங்கள்.