போல்கேயின் எட்டாவது விதி

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால், சீனன்குடாவிலிருந்து எழும் பயிற்சி விமானங்கள் சில காலைகளில் இரண்டிரண்டாக உட்துறைமுகத்தின் மேலே வட்டமிடுவதைப் பார்க்கலாம். முன்னால் செல்வது இறக்கையைச் சரித்ததும் பின்னால் வருவதும் ஒரு கணம் தாமதித்துச் சரிகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மட்டும் மாறுவதில்லை. விமான இரைச்சல் என்றதும் என் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறு. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அந்த மாறாத இடைவெளியை மனிதர் எப்போது, யாரிடம் கற்றார்கள் என்று தேடத் தொடங்கியதுதான், 1916ஆம் ஆண்டின் வடபிரான்சுக்கும், சுருக்கமாக யாஸ்தா 2 என்று அழைக்கப்பட்ட ஜெர்மானியச் சண்டை விமான அணிக்கும் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முதலாம் உலகப்போரின் ஜெர்மானியர் என்றால் நம்மவருக்கு 1914இல் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிவிட்டுப் போன எம்டன் கப்பல்தான் நினைவுக்கு வரும். அதன் பெயர் இன்றும் நம் பேச்சில் கெட்டிக்காரனையும் பொல்லாதவனையும் குறிக்கும் சொல்லாக வழங்குகிறது. வான்போர் என்றாலோ, சிவப்பு விமானத்தில் பறந்த மான்பிரெட் ஃபொன் ரிக்தோஃபனைத் தவிர வேறெவரையும் பலருக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கதையில் ரிக்தோஃபன் ஒரு மாணவர் மட்டுமே. ஆசிரியர், ஒஸ்வால்ட் போல்கே என்ற இருபத்தைந்து வயது இளைஞர்.

அதுவரை ஜெர்மானியர் தங்கள் சண்டை விமானங்களை ஒன்றும் இரண்டுமாக வேவு விமானப் பிரிவுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருந்தார்கள். போல்கேயும் அவருடைய தோழரான மக்ஸ் இம்மெல்மானும் அவ்வாறு தனித்தனியாகப் பறந்தே புகழ் பெற்றவர்கள். 1916 ஜூன் 18இல் இம்மெல்மான் இறந்தபோது, இன்னொரு வீரரையும் இழந்துவிடக் கூடாதென்று அஞ்சிய ஜெர்மானியப் பேரரசர், போல்கே போர்முனையில் பறப்பதற்குத் தடை விதித்தார். அவர் பால்கன் நாடுகளுக்கும் துருக்கிக்கும் சுற்றுப்பயணம் அனுப்பப்பட்டார். ஆனால் ஜூலையில் வடபிரான்சின் சொம் ஆற்றுப் பகுதியில் பெரும்போர் தொடங்கியதும், பிரித்தானிய, பிரெஞ்சு விமானங்கள் வானத்தை முற்றாகத் தம் வசப்படுத்திக்கொண்டதும் அந்தத் தடையை நீடிக்க விடவில்லை. ஒரு புதிய அணியை அமைத்து, அதற்கான விமானிகளைத் தாமே தெரிவு செய்யும்படி போல்கேக்குக் கட்டளை வந்தது. திரும்பும் வழியில் கிழக்குப் போர்முனையின் கோவெல் நகரில் இருவரைத் தெரிந்தெடுத்தார். ஒருவர், குதிரைப்படையிலிருந்து விமானப்படைக்கு வந்த இருபத்து நான்கு வயது ரிக்தோஃபன். மற்றவர் எர்வின் போமே, வயது முப்பத்தேழு. போருக்கு முன்னர் ஜெர்மானியக் கிழக்காபிரிக்காவில் தொழில் பார்த்திருந்த இவர், அன்றைய விமானிகளின் நடுவே ஏறத்தாழக் கிழவர்தான். இந்த இரண்டாமவரின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓகஸ்ட் 10இல் பெர்த்தன்கூர் என்ற ஊரில் அணி தொடங்கப்பட்டது. ஆட்கள் வந்தார்கள், விமானங்கள் வரவில்லை. செப்டெம்பர் தொடக்கத்தில் கிடைத்த ஓரிரண்டைக் கொண்டு போல்கே காலையில் தனியாகப் புறப்பட்டுப் போவார். திரும்பி வந்து, அன்றைய சண்டையில் என்ன நடந்தது, ஏன் அவ்வாறு நடந்தது என்று இளைஞர்களுக்கு விளக்குவார். அவர் இறங்கும்போது எல்லோரும் முதலில் பார்த்தது அவருடைய முகவாயைத்தான். முன்னாலிருந்த இயந்திரத் துப்பாக்கிகளின் புகைக்கரி அதில் படிந்திருந்தால், அன்று ஓர் எதிரி விமானம் விழுந்திருக்கிறது என்று பொருள். எத்தனையோ பதக்கங்களின் விவரங்களைப் படித்திருக்கிறேன்; என் மனதில் நின்றது இந்தக் கரிபிடித்த முகவாய்தான்.

செப்டெம்பர் 16இல் புதிய அல்பட்ரோஸ் விமானங்கள் வந்து சேர்ந்தன. ஒட்டுப்பலகையால் இழைத்த உடல், 160 குதிரைவலு மெர்சிடிஸ் இயந்திரம், சுழலும் விசிறியின் தகடுகளுக்கு ஊடாகச் சுடும்படி பொருத்தப்பட்ட இரண்டு துப்பாக்கிகள். எதிரில் வந்த பிரித்தானிய டீஎச் 2 விமானத்திலோ ஒரே ஒரு லூயிஸ் துப்பாக்கிதான் இருந்தது. மறுநாளே போல்கே தம் மாணவர்களை ஓர் அணியாக அழைத்துச் சென்றார். மார்க்குவான் தொடருந்து நிலையத்தைத் தாக்க வந்த பிரித்தானிய விமானக் கூட்டத்தை அவர்கள் எதிர்கொண்ட அந்தச் சண்டையில்தான் ரிக்தோஃபன் தம் முதலாவது வெற்றியைப் பெற்றார். அவர் வீழ்த்திய விமானத்திலிருந்த இருவரும் உயிர் பிழைக்கவில்லை.

போல்கே வகுத்த விதிகள் எட்டு. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துத் தாக்கு. தொடங்கிய தாக்குதலை இடையில் கைவிடாதே. மிக நெருங்கிய பின்னரே சுடு. எதிரி உன்மேல் பாய்ந்து வந்தால் விலகி ஓடாமல் அவனை நோக்கியே திரும்பு என்று அவை ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். எதிரியின் பக்கத்தில் பறக்கும்போது திரும்பும் வழியை மறவாதே என்ற விதியின் அருமை, அந்தப் போர்முனையின் காற்றை அறிந்தவர்களுக்கே விளங்கும். அங்கே பெரும்பாலும் மேற்குக் காற்றுத்தான் வீசியது. பிரித்தானிய விமானிகளை அது ஜெர்மானியரின் பக்கத்துக்கு இலகுவாகத் தள்ளிக்கொண்டு போகும். இயந்திரம் பழுதுபட்டுத் திரும்புபவன் அதே காற்றை எதிர்த்தே வீடு சேர வேண்டும். கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் கரையிலிருந்து விரைவாகக் கடலுக்குள் இறங்கிவிட்டுத் திரும்பி வரும்போது திண்டாடும் வள்ளங்களைக் கண்டிருக்கும் திருகோணமலைக்காரருக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. போல்கேயின் அணி, தன் பக்கத்திலேயே உயரத்தில் காத்திருந்து, காற்று கொண்டுவந்து தருபவனைத் தாக்கியது. இதில் வீரம் குறைவு, கணக்கு அதிகம் என்று யாரேனும் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

மற்ற ஏழு விதிகளும் தனி விமானிக்கு உரியவை. எட்டாவது விதி அவ்வாறன்று. அது அணிக்கு உரியது. நால்வராகவோ அறுவராகவோ சேர்ந்து தாக்குங்கள். சண்டை தனித்தனியாகப் பிரியும்போது பலர் ஒரே எதிரியின் பின்னால் போய்விடாமல் கவனமாக இருங்கள் என்பதே அது.

ஒக்டோபர் 28இல், அன்று ஏற்கனவே பல தடவை பறந்து களைத்திருந்த நிலையில், போல்கே மீண்டும் தம் ஆட்களுடன் புறப்பட்டு இரண்டு டீஎச் 2 விமானங்களைச் சந்தித்தார். போல்கேயும் போமேயும் அவற்றில் ஒன்றன் பின்னாலேயே போனார்கள். மற்றதை ரிக்தோஃபன் துரத்தினார். துரத்தப்பட்ட அந்த விமானம் குறுக்கே வர, அதில் மோதாதிருக்க இருவரும் திடீரெனத் திரும்பினார்கள். அந்தக் கணத்தில் ஒருவரையொருவர் அவர்கள் காணவில்லை. போமேயின் சில்லு போல்கேயின் மேல் இறக்கையில் பட்டது. பெரிய மோதல் அல்ல, ஒரு தட்டு. போல்கே முதலில் விமானத்தைக் கட்டுப்பாட்டுடன் சறுக்கியே இறக்கினார். ஆனால் முகிலுக்குள் புகுந்தபோது மேல் இறக்கை பிய்ந்து போயிற்று. தரையில் விழுந்த வேகம் உயிர் பிழைக்க முடியாத அளவு இருந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் அவர் இடுப்புவாரைக் கட்டியிருக்கவில்லை, தலைக்கவசமும் அணிந்திருக்கவில்லை. அந்த எட்டு விதிகளில் இடுப்புவாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அப்போது அவர் வீழ்த்திய விமானங்கள் 40; அவற்றில் 21, இரண்டு மாதங்களுக்கும் குறைவான காலத்தில் இந்த அணியில் இருந்தபோது வீழ்த்தியவை. பிரித்தானிய விமானப்படையினர், துணிவும் பெருந்தன்மையும் கொண்ட எதிரி என்று எழுதிய மலர்வளையமொன்றை வானிலிருந்து போட்டார்கள். அவரால் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறையிலிருந்த ஒரு பிரித்தானிய அதிகாரியும் சக கைதிகளோடு சேர்ந்து ஒரு வளையம் அனுப்பினார்.

அடுத்த தளபதி கிர்மையர் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. நவம்பர் 22இல் வீழ்ந்தார். மறுநாள் ரிக்தோஃபன், பிரித்தானியரின் பெயர்பெற்ற விமானி லனோ ஹோக்கரை நீண்ட சண்டையின் பின் வீழ்த்தினார். டிசம்பரில் அணிக்கு யாஸ்தா போல்கே என்ற பெயர் சூட்டப்பட்டது. ஜனவரியில் ரிக்தோஃபன் யாஸ்தா 11இன் தளபதியாகி, ஆசிரியரின் பாடத்தை அங்கே கொண்டுபோனார். யாஸ்தா போல்கே போர் முடியும்வரை பறந்தது. 336 வெற்றிகள் அதன் பெயரில் பதிவாகின.

போமே அன்று மாலை தம் தளத்துக்குத் திரும்பியபோது, இறங்கிய விமானம் தரையில் குப்புறப் புரண்டது. அவருக்குப் பெரிய காயமில்லை. நடந்தது விபத்து என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. 1917 ஓகஸ்டில் அந்த அணியின் தளபதிப் பொறுப்பு அவரிடமே வந்தது. தம்முடைய சில்லு பட்டு இறந்தவரின் பெயரைத் தாங்கிய அணியை மூன்று மாதங்களுக்கு மேல் நடத்திய பின், நவம்பர் 29இல், பெல்ஜியத்தின் சொன்னபேக் ஊருக்கு மேல் ஒரு பிரித்தானிய வேவு விமானத்துடன் ஏற்பட்ட சண்டையில் அவரும் வீழ்ந்தார்.