கிரியேட்டினின் 1.0 என்றால் கிட்னி நார்மலா?

முதியவர்களுக்கு மருந்து எழுதும்போது இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; ரத்தத்தில் அது எவ்வளவு தேங்குகிறது என்பதை வைத்துத்தான் சிறுநீரகத்தை மதிப்பிடுகிறார்கள். தசை வற்றிய உடம்பில் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்தாலும் ரிப்போர்ட் சரியாகவே தெரியும்.

சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று தோராயமாகக் கணக்கிடுவது எளிது. 140லிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்குங்கள். கிரியேட்டினினை 72ஆல் பெருக்கி, வரும் எண்ணால் அதை வகுங்கள். பெண் என்றால் விடையை 0.85ஆல் பெருக்குங்கள். 80 வயது, 45 கிலோ, கிரியேட்டினின் 1.0 உள்ள பாட்டிக்கு வருவது நிமிடத்துக்குச் சுமார் 32 மில்லிலிட்டர்தான்!

கால் எரிச்சலுக்குத் தரும் ப்ரீகாபலின் கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீரில்தான் வெளியேறும். இந்தப் பாட்டிக்குப் பாதி டோஸ் போதும். முழு டோஸ் கொடுத்தால் தூக்கம், தள்ளாட்டம், கடைசியில் இடுப்பெலும்பு முறிவு. வீட்டில் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். சர்க்கரை நோய்க்குத் தரும் க்ளிபென்கிளமைடு உடம்பில் தேங்கினால், தாழ்சர்க்கரை குளுக்கோஸ் ஏற்றிய பிறகும் திரும்ப வரும். முதியவர்களுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. அதே நோய்க்கான மெட்ஃபார்மினை இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் மதிப்பீடு) 45க்குக் கீழே குறைக்கணும், 30க்குக் கீழே நிறுத்தணும்.

எனக்குப் பெரிய பயம் மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக்தான். பிரஷர் மாத்திரையான டெல்மிசார்டானும், சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு அதுவும் சேர்ந்தால் சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்த அழுத்தம் சட்டென்று விழும். கூடவே வயிற்றுப்போக்கும் வந்தால் இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழக்கலாம். அந்த நாட்களில் எதை நிறுத்தி வைப்பது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது கடையில் வாங்கிய மாத்திரை அட்டைகளையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.