பேரனின் இழுப்பும் ஒரு மரபணுவும்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

ஆகஸ்டு 3, 2025, ஞாயிறு

விடியற்காலை நான்கரைக்குப் பேரனுக்கு உடம்பு சுட்டது. ஐந்தேகாலுக்கு இழுப்பு, அதாவது வலிப்பு, வந்துவிட்டது. மகள் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள்; நான் கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களை எண்ணினேன். ஐந்தாவது நிமிடத்தில் வலிப்பை அடக்க ஆசனவாய் வழியாகச் செலுத்தும் டயாஸிபாம் மருந்துக் குழாயின் மூடியைத் திருகியபோது அவள் விரல்கள் நடுங்கவில்லை. ஆறு வருடப் பழக்கம் அது. எட்டாவது நிமிடத்தில் அடங்கியது. நாட்காட்டியில் குறித்துவைத்தேன்.

ஆகஸ்டு 5, செவ்வாய்

தோட்டத்து மாரியம்மன் கோவிலில் ஓர் அம்மாள், "இது யார் வழியில் வந்தது, ஐயா?" என்று பரிவோடுதான் கேட்டார். யார் வழியிலும் வரவில்லை. பேரனுக்கு இருப்பது டிராவே நோய்க்குறி என்னும் கடுமையான வலிப்பு நோய். ஷார்லட் டிராவே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1978இல் விவரித்த இந்நோய்க்கு எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் ஏற்படும் பிழையே பெரும்பாலும் காரணம் என்பது 2001இல் தெரியவந்தது. அப்பிழை பெரும்பாலான பிள்ளைகளிடம் புதிதாகத் தோன்றுகிறது. என் மகளையும் மருமகனையும் சோதித்தபோதும் இருவரிடமும் அது இல்லை.

அவனுக்கு ஒரு வயதாவதற்குள், நோய் இன்னதென்று தெரியாத நிலையில், ஒரு கிளினிக்கில் கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்தார்கள், இழுப்பு கூடியது. நரம்பணுக்களில் மின்னோட்டத்தை உண்டாக்கும் சோடியம் கால்வாய்களை அம்மருந்து அடைக்கும்; இந்நோயிலோ, எஸ்சிஎன்1ஏ மரபணு உருவாக்கும் ஒரு வகைக் கால்வாய் பெரும்பாலும் ஏற்கெனவே பாதிதான். குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சல் வலிப்பு நீண்டு வருமானால், மரபணுச் சோதனை பற்றிப் பெற்றோர் தயங்காமல் கேட்கவேண்டும்.

ஆகஸ்டு 8, வெள்ளி

பலவகை உயிரணுக்களாக மாறக்கூடிய குருத்தணுக்களின் ஆய்வைப் பற்றி இரவு வெகுநேரம் படித்தேன். மனிதத் தோலின் உயிரணுவை நான்கு மரபணுக்களின் துணையால் கருநிலைக்குத் திருப்பலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர் யமனாக்காவின் குழுவினர் 2007இல் காட்டியதால், நோயாளியின் மூளையைத் தொடாமலே, அவருடைய மரபணுப் பிழையைச் சுமக்கும் நரம்பணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்க முடிகிறது. எலிகளை ஆராய்ந்தவர்கள் 2006இலேயே, மற்ற நரம்பணுக்களை அடக்கிவைக்கும் நரம்பணுக்கள்தாம் இப்பிழையால் சோர்ந்துபோகின்றன என்று கண்டிருந்தார்கள். அதாவது மூளைக்குள் முடுக்குபவை நன்றாக இருக்க, கடிவாளம் பிடிக்கும் கை தளர்ந்துபோகிறது. ஆனால் 2013இல் நோயாளிகளின் உயிரணுக்களிலிருந்து வளர்த்த நரம்பணுக்கள் ஒரே பதிலைத் தரவில்லை: ஓர் ஆய்வுக்கூடம் அடக்கும் அணுக்களின் தளர்ச்சியைக் கண்டது, வேறு சிலர் சோடியம் மின்னோட்டம் கூடியிருப்பதைக் கண்டார்கள். தட்டில் வளர்பவை கருப்பையில் உள்ள சிசுவின் நரம்பணுக்களை ஒத்தவை. இந்தக் கால்வாயோ பிறந்த பிறகே மூளையில் பெருகுகிறது. ஆகவே, தட்டில் கண்டதை மட்டும் நம்பிப் பிள்ளைக்கு மருந்து முடிவுசெய்ய முடியாது என்றே எனக்குப் படுகிறது.

ஆகஸ்டு 12, செவ்வாய்

நல்ல மரபணுவை அப்படியே உள்ளே அனுப்பினால் என்ன என்று மருமகன் கேட்டார். அதைச் சுமந்து செல்லும் ஏஏவி வைரஸ் ஏறக்குறைய 4,700 டிஎன்ஏ எழுத்துகளைத்தான் தாங்கும். எஸ்சிஎன்1ஏ மரபணுவில் புரதத்துக்கான பகுதி மட்டுமே ஏறக்குறைய 6,000 எழுத்துகள். ஆகவே, அம்மரபணுவின் இரண்டு பிரதிகளில் பழுதில்லாத மற்றொன்றைக் கூடுதலாக வேலைசெய்யத் தூண்டும் சிறிய புரதத்துக்கான குறிப்பை வைரஸில் ஏற்றி அனுப்பிப் பார்க்கிறார்கள். முதுகுத்தண்டு நீரில் ஊசியாகச் செலுத்தும் ஆன்டிசென்ஸ் மருந்தும் (மரபணுவின் செய்தியில் ஒட்டிக்கொள்ளும் சிறு துண்டு) அந்த நல்ல பிரதியிடமிருந்தே கூடுதல் புரதத்தைப் பெறப் பார்க்கிறது. இரண்டும் மனிதர்களிடம் சோதனையில் உள்ளன.

வியாழக்கிழமை ஈப்போவில் மருத்துவரிடம் கேட்க மகளுக்கு ஒரே கேள்வியை எழுதிக்கொடுத்திருக்கிறேன்: இவனுடைய பிழை கால்வாயின் வேலையைக் குறைக்கும் வகையா, கூட்டும் வகையா? கூட்டும் வகையாயின் இவ்விரண்டும் இவனுக்கு ஆகாது.