பிறை 29

இலங்கையின் மலையகத்தில் உள்ள எங்கள் ஹட்டனில், ரமழான் 29ஆம் நாள் மஃரிப் நேரத்தில், சூரியன் மறைந்ததும், பெருநாள் பிறை தெரிகிறதா என்று வானத்தைப் பார்த்தால் பெரும்பாலும் பனிமூட்டம்தான். நாங்கள் பிறையைக் கண்ணால் கண்டதை விட, கொழும்பு பெரிய பள்ளிவாசல் அறிவிப்பை ரேடியோவில் கேட்டதுதான் அதிகம். நாளை பெருநாள் என்று வட்டிலப்பத்துக்குத் தேங்காய் துருவுவதா, இன்னொரு நோன்பு என்று விடியலுக்கு முந்தைய ஸஹருக்குச் சோறாக்குவதா என்று உம்மா காத்திருப்பா. அதற்குள் கத்தாரிலிருந்து தம்பி பெருநாள் வாழ்த்துச் சொல்லிவிடுவான். எங்கள் தெருவிலேயே, உலகில் எங்கே பிறை தெரிந்தாலும் ஏற்கும் சர்வதேசப் பிறைக்காரர்கள் ஒரு நாள் முந்திவிடுவார்கள். அவர்கள் அனுப்பும் புரியாணியை நோன்போடு வாங்கி மூடி வைப்போம். அந்த நேரம் மனசு ஒரு மாதிரியாகிவிடும்.

2016இல் இஸ்தான்புல் மாநாட்டில் உலமாக்களும் (மார்க்க அறிஞர்களும்) வானியலாளர்களும் கூடி, உலகம் முழுவதற்கும் ஒரே ஹிஜ்ரி (இஸ்லாமியச் சந்திர) நாட்காட்டி என்பதற்குப் பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். புதிய மாதம் பிறக்க, நிலா சூரியனிலிருந்து 8 பாகை விலகி, அடிவானத்துக்கு மேல் 5 பாகை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய அளவுகோல்.

பிறையைக் கண்டு நோன்பு பிடியுங்கள் என்ற ஹதீஸை (நபிமொழியை) விட்டுவிட வாப்பாவுக்கு மனமில்லை. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தொழுகை நேரத்துக்குக் கணக்கிட்ட அட்டவணையைப் பார்த்துத்தானே பாங்கு சொல்கிறோம்? அப்படியென்றால் மாதத்துக்கும் ஏன் கூடாது?

தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் மச்சான் இந்த முறையும் இரண்டு நாளைக்கு லீவு கேட்டு வைத்திருக்கிறார்.