அத்திக்காய்க்குள் ஆறு வாரம்

பிப்ரவரி 9, 2025

வாய்க்கால் கரையில் நிற்கும் அத்தியின் அடிமரத்தில் புதிய காய்கள் கொத்துக் கொத்தாக அரும்பியிருக்கின்றன. அடிமரத்திலேயே காய்ப்பது இம்மரத்தின் இயல்பு என்பதால், ஏணியின் துணையின்றி நின்ற இடத்திலிருந்தே அன்றாடம் பார்க்க முடிகிறது. எப்போதாவது வரும் உறவினரை ‘அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறீர்கள்’ என்று வரவேற்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். அத்தி ஆண்டுக்குப் பல முறை பூக்கிறது, ஒவ்வொரு காய்க்குள்ளும் ஆயிரக்கணக்கில் பூக்கிறது என்பதை நடுவயதில்தான் அறிந்துகொண்டேன். நாம் காய் என்று சொல்வதே ஒரு பூங்கொத்துதான். பூக்களைத் தாங்கும் தண்டு சதைப்பற்றுடன் குடம்போலக் குழிந்து வாயை மூடிக்கொள்ள, பூக்கள் அதன் உட்சுவரில் உள்நோக்கி மலர்கின்றன.

பிப்ரவரி 13

இன்று குளவிகள் வந்துவிட்டன. சுமார் 2 மி.மீ. நீளமுள்ள கரிய பூச்சிகள். கொசுவென்று எண்ணித் தட்டிவிடக்கூடியவை. பூக்கள் மகரந்தம் ஏற்கும் பருவத்தை எட்டியதும் காய் வெளியிடும் மணத்தைப் பின்பற்றி இவை வருகின்றன. அத்தியினத்தில் 700-க்கும் மேற்பட்ட மரவகைகள் உள்ளன. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குளவி உண்டு. நம் அத்திக்கு உரியது செரட்டோசோலென் ஃபுசிசெப்ஸ்.

காம்புக்கு எதிர்ப்புறத்தில், காயின் நுனியில், ஒரு சிறிய ‘கண்’ இருக்கிறது. செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அடைத்திருக்கும் அந்த இடுக்கில் பெண்குளவி தன் தட்டையான தலையை நுழைத்து, உந்தி உந்தி உள்ளே போகிறது. லென்ஸை வைத்துப் பார்த்தபோது, கண்ணின் வாயில் கண்ணாடித் துகள்போலச் சில சிறகுகள் சிக்கிக் கிடந்தன. நுழையும்போது சிறகும் உணர்கொம்பின் நுனியும் முறிந்துவிடுகின்றன. இனி அது வேறொரு மரத்துக்குப் பறக்க இயலாது.

பிப்ரவரி 14

ஒரு காயைக் கத்தியால் பிளந்தேன். நேற்று நுழைந்த நான்கு குளவிகளும், பூக்களின் மகரந்தம் ஏற்கும் நுனிகளான சூல்முடிகளின் வெண்மையான பரப்பின்மேல் நடந்துகொண்டிருந்தன. அவை செய்வதை இரண்டு வேலைகளாகப் பிரிக்கலாம். நெஞ்சுப் பகுதியில் உள்ள இரு பைகளில், பிறந்த மரத்திலிருந்து அள்ளி வந்த மகரந்தம் இருக்கிறது. அதை முன்னங்கால்களால் எடுத்துச் சூல்முடிகளில் இடுகின்றன. தேனீயின் உடலில் மகரந்தம் தற்செயலாக ஒட்டிக்கொள்வதைப் போன்றதன்று இது. அதற்கென்றே எடுத்து வந்து, அதற்கென்றே இடுவது. மற்றொரு வேலை, பூவின் சூலகத்துக்குள் முட்டையிடுதல். சூல்முடியையும் சூலகத்தையும் இணைக்கும் சூல்தண்டு குட்டையாக உள்ள பூக்களில் முட்டையிடும் ஊசி எளிதில் எட்டுகிறது. அங்கே குளவி வளர்கிறது. நீண்ட தண்டுடைய பூக்களில் பெரும்பாலும் எட்டாது. அங்கே விதை விளைகிறது. வேலை முடிந்ததும் தாய்க்குளவிகள் உள்ளேயே மடிகின்றன.

அடுத்த வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?” என்றார். இந்தச் சொத்தை இல்லாவிட்டால் இந்த மரத்தில் விதையே இல்லை என்று நான் சொன்னது அவரிடம் எடுபடவில்லை.

பிப்ரவரி 24

காய்களின் வெளிப்புறத்தில் வேறு வகைக் குளவிகள் அமர்ந்திருக்கின்றன. இவை கண்வழியே நுழைவதில்லை. உடலைவிட நீண்ட ஊசியால் காயின் தோலையும் சதையையும் துளைத்து, மகரந்தம் எதுவும் கொண்டு வராமலே உள்ளே முட்டையிடுகின்றன. அவற்றுள் ஒன்றான அபோகிரிப்டா வெஸ்ட்வுடியின் ஊசி முடியைவிட மெல்லியது. அதன் நுனியில் உள்ள பற்களில் துத்தநாகம் செறிந்திருப்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டனர். மகரந்தக் குளவியின் உழைப்பில் பங்கு கேட்கும் இந்தக் கூட்டத்தின்மேல் எனக்கு வந்த எரிச்சல், அந்த ஊசியைப் பற்றிப் படித்ததும் பாதியாகக் குறைந்துவிட்டது. மிச்சத்தை மரத்தில் ஊரும் முசுறு எறும்புகள் பார்த்துக்கொள்கின்றன.

மார்ச் 6

காய் பருப்பதைத் தவிர வெளியில் மாற்றம் இல்லை.

கடையில் வாங்கிய உலர்ந்த அத்திப்பழத்தில் குளவி இருக்குமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது வேறு இனம், சீமையத்தி. அதன் பல வகைகள் குளவியின்றியே பழுப்பவை. ஆனால் துருக்கியின் ஸ்மிர்னா வகைக்கு மகரந்தம் வேண்டும். 1880-களில் கலிபோர்னியாவில் அம்மரங்களை நட்டவர்கள், காய்கள் பழுக்காமலே உதிர்வதை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1899-இல் குளவி அங்கே வேரூன்றிய பிறகே விளைச்சல் கிடைத்தது. சீமையத்தியில் பழம் தரும் பெண்மரத்தின் எல்லாப் பூக்களுக்கும் நீண்ட சூல்தண்டு என்பதால், நுழைந்த குளவி மகரந்தத்தை மட்டும் தந்துவிட்டு, சந்ததியின்றி இறக்கிறது. இதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன். இறந்த உடலைப் பழத்தின் ஃபிசின் என்னும் நொதி பெரும்பாலும் சிதைத்துவிடுகிறது. பல்லில் நறநறப்பது விதை.

மார்ச் 22

பிளந்த காயில் முதலில் வெளிப்பட்டவை ஆண்குளவிகள். சிறகில்லை, கண்ணும் பெயரளவுக்குத்தான். இன்னும் சூலகக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கும் பெண்களைத் தேடி, கூட்டைக் கடித்துத் துளையிட்டு, அங்கேயே கூடுகின்றன. பின்னர் பலவும் ஒன்றுசேர்ந்து காயின் சுவரைக் குடைந்து வெளியேறும் வழியை அமைக்கின்றன. அந்த வழியால் அவற்றுக்குப் பயன் எதுவும் இல்லை. சில காயினுள்ளேயே மடிகின்றன. சில வெளியே விழுகின்றன, கீழே எறும்புகள் காத்திருக்கின்றன.

மார்ச் 23

பெண்குளவிகள் புறப்பட்டன. தாய்க்குளவி நுழைந்த காலத்தில் மொட்டாக இருந்த ஆண்பூக்கள் சரியாக இந்த நேரத்தில்தான் முதிர்கின்றன. ஒரே குடத்துக்குள் பெண்பூவுக்கும் ஆண்பூவுக்கும் இடையே ஐந்து வாரத்துக்கு மேல் இடைவெளி. பைகளை மகரந்தத்தால் நிரப்பிக்கொண்டு, ஆண்கள் குடைந்த துளைவழியே அவை பறக்கின்றன. ஒரு நாளோ இரண்டு நாளோதான் ஆயுள். இம்மரத்தின் காய்கள் ஏறத்தாழ ஒரே பருவத்தில் இருப்பதால், இளங்காய் உள்ள வேறு மரத்தைக் கண்டடைந்தே ஆக வேண்டும். ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் இவற்றின் உறவினம் ஒன்று, காற்றின் துணையோடு 160 கி.மீ. வரை சென்றதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு எவ்வளவு பழையது என்பதற்கு இங்கிலாந்தின் வைட் தீவில் சான்று கிடைத்திருக்கிறது: 3.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய புதைபடிவக் குளவி, அதே மகரந்தப் பைகளுடன்.

மார்ச் 27

குளவிகள் போன பிறகே காய்கள் சிவந்து மென்மையாகின்றன. முன்னதாகவே பழுத்திருந்தால் வௌவால்கள் குளவிகளையும் சேர்த்துத் தின்றிருக்கும். இரவெல்லாம் மரத்தில் சிறகடிப்புச் சத்தம். காலையில் தரையெங்கும் கடித்த பழம்.

சைக்கிளில் குளத்தங்கரைக்குப் போய், அங்குள்ள அத்தியைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் மரத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கி.மீ. தொலைவு. அடிமரத்தில் இளங்காய்கள் நிறைந்திருந்தன. லென்ஸை வைத்துப் பார்த்த ஏழாவது காயின் கண்ணில் இரண்டு சிறகுகள் சிக்கியிருந்தன.